அரபுச் சொற்களின் நடை

ஓர் உழவனது செல்வத்தை அவன் குதிரிலுள்ள நெல்மணிகளை எண்ணி அளப்பார் எவருமிலர். அவனுடைய நிலத்தையும் நீர்வளத்தையும் உழைப்பையும் கண்டே அவன் செல்வன் என்றும் வறியன் என்றும் கூறுவர். மொழிகளின் செல்வத்தை மதிப்பிடப் புகும்போது மட்டும் நம்மவர் இவ்வெளிய உண்மையை மறந்து மணிகளை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். ‘இம்மொழியில் இப்பொருளுக்கு இத்தனை பெயர், அம்மொழியில் ஒன்றே பெயர், ஆதலின் இதுவே உயர்ந்தது’ என்னும் சொற்போர் கல்லூரி மேடைகளில் பலகாலும் கேட்கப்படுவதே. இத்தகைய எண்ணிக்கைப் புகழ்ச்சிக்கு மிகுதியும் ஆளான மொழிகளுள் அரபு ஒன்று. ஒட்டகத்திற்கு நூற்றுக்கணக்கான பெயர் என்பர். வாளுக்கும் சிங்கத்திற்கும் அங்ஙனமே என்பர். நடத்தல், ஊர்தல், ஓடுதல், பயணம் போதல் முதலிய இயக்கங்களைக் குறிக்கும் அரபுச் சொற்களும் இவ்வாறே எண்ணப்பட்டு வியக்கப்படுகின்றன.

அச்சொற்கள் வியக்கத்தக்கனவே. ஆயின் வியப்பிற்குரியது அவற்றின் தொகையன்று. அவற்றை உண்டாக்கிய கண்ணின் கூர்மையும், அவற்றை ஈன்ற வேர்களின் வளமுமே வியப்பிற்குரியன என்பது எமது கருத்து. இதனை அம்மொழியின் சான்றுகளைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கண்ணின் கூர்மையைக் காண்போம். நைசாபூர் நகரத்தவராகிய ஸஆலிபி (961–1038) என்னும் அறிஞர், பொருளால் நெருங்கியும் நுட்பத்தால் வேறுபட்டும் நிற்கும் அரபுச் சொற்களை வகுத்துக் காட்டி ‘ஃபிக்ஹுல் லுகா’ என்னும் நூலை இயற்றினார். அதன்கண் நடைவகைகளும் தனியே வகுக்கப்பட்டுள்ளன. அந்நூலிலும் பிற பேரகராதிகளிலும் காணும் சொற்களுள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். குழந்தை கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது ‘ஹபா’. அக்குழந்தையே எழுந்து நின்று அடிமேல் அடிவைத்துச் செல்லப் பழகுவது ‘தரஜ’. செருக்குடையோன் உடலை அசைத்து ஒயிலாகச் செல்வது ‘தபக்தர’. முதியவன் குறுகிய அடிவைத்து மெல்லச் செல்வது ‘தலஃப’. காலில் விலங்கு பூண்டவன், அவ்விலங்கு இடங்கொடுக்கும் அளவே காலெடுத்து வைப்பது ‘ரஸஃப’. காகம் தத்திச் செல்வதும், மனிதன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றொரு காலால் நொண்டிச் செல்வதும் ‘ஹஜல’. தேள் முதலியன அரவமின்றி ஊர்வது ‘தப்ப’. பாம்பு வழுவிச் செல்வதற்கோ, நீர் தடையின்றி ஓடுதலைக் குறிக்கும் ‘இன்ஸாப’ என்னுஞ் சொல்லே வழங்கும். பிட்டத்தை நிலத்தில் தேய்த்து நகரும் குழந்தைக்கு உரிய ‘ஸஹஃப’ என்னுஞ் சொல், பெரும்படை மெல்ல மெல்லப் பகைவரை நோக்கி முன்னேறுவதற்கும் உரியது.

இவற்றை மனப்பாடஞ் செய்வதற்குரிய பட்டியலாகப் படிப்பார் இவற்றின் சுவையை இழப்பர். ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவிற்கு விடையாக நிற்றலை நோக்குக. இவ்வுடலை இயக்குவது யாது? தடுப்பது யாது? முதியவனைத் தடுப்பது மூப்பு; கைதியைத் தடுப்பது இரும்பு. இருவரும் குறுகிய அடியே வைக்கின்றனர். தொலைவிலிருந்து காண்பார்க்கு இரண்டும் ‘மெதுவாக நடத்தல்’ என ஒன்றாகவே தோன்றும். அரபு மொழியோ இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. விலங்கின் நீளத்தையும் முழங்காலின் தளர்ச்சியையும் வேறுவேறாக அறிந்த கண்ணுக்கு ஒரு சொல் போதவில்லை. படையின் இயக்கத்தையும் குழந்தையின் இயக்கத்தையும் ஒரு சொல்லுள் அடக்கியதும் அக்கண்ணே. பெருந்திரள் ஒன்று நகரும்போது, தனித்தனிக் கால்கள் தோன்றாமல், உடல் முழுதும் நிலத்தைத் தேய்த்து இழுபடுவது போன்ற காட்சியே தோன்றும். பிரிக்க வேண்டிய இடத்திற் பிரித்தலும், கூட்ட வேண்டிய இடத்திற் கூட்டலும் ஆகிய இரண்டும் கூர்ந்த நோக்கின் பயனாகும்.

ஒட்டகத்தின் கதிகளைக் குறிக்குஞ் சொற்களும் இத்தகையனவே. பஸரா நகரத்துப் பேராசிரியராகிய அஸ்மஈ, குதிரையைப் பற்றியும் ஒட்டகத்தைப் பற்றியும் தனித்தனி நூல் செய்தவர். கழுத்தை நீட்டிச் சீராகச் செல்லும் கதி ‘அனக்’, அதனினும் சிறிது மிக்கது ‘தஸய்யுத்’, அதன்மேல் ‘தமீல்’, அதற்கும் மேல் ‘ரஸீம்’ என்று அவ்விலங்கின் கதிகளைப் படிப்படியாகப் பழைய மொழியாசிரியர் அடுக்கிக் கூறுவர். இஃது ஓய்வுடையோர் ஆடிய சொல்லாட்டமன்று. ஒரு கிணற்றிற்கும் அடுத்த கிணற்றிற்கும் இடையே பாலை கிடக்கிறது. எந்தக் கதியிற் சென்றால் விலங்கு தளராமல் தண்ணீரை அடையும் என்பதை அறியாதவன் உயிரோடு ஊர் திரும்பான். உயிர் எதனைப் பற்றி நிற்கின்றதோ, அதனைச் சொல்லும் பற்றி நின்றது என்க.

பயணம் போகும் பொழுதைக் குறிக்குஞ் சொற்களும் இதனை வலியுறுத்தும். காலையிற் செல்லுதல் ‘கதா’. பிற்பகலிற் செல்லுதல் ‘ராஹ’. இரவிற் செல்லுதல் ‘ஸரா’. நண்பகல் வெப்பத்திற் செல்லுதல் ‘ஹஜ்ஜர’. ‘ஹாஜிரா’ என்பது உச்சிவேளைக் கடும் வெயிலுக்குப் பெயர். அப்பெயரினின்றே இவ்வினையும் பிறந்தது. வெயில் ஆளும் நாட்டில், ‘அவன் போனான்’ என்று மட்டும் கூறினால் செய்தி நிரம்புவதில்லை. எப்பொழுது போனான் என்பதே அவன் பிழைப்பானோ மாட்டானோ என்பதைத் தெரிவிக்கும். முகம்மது நபியின் இரவுப் பயணத்திற்கு ‘இஸ்ரா’ என்று பெயர் வந்ததும், திருக்குர்ஆனின் 17ஆம் அதிகாரம் அப்பெயராலேயே வழங்குவதும் ‘ஸரா’ என்னும் வேரினின்றேயாம். காலைச் செலவைக் குறித்த ‘கதா’வோடு ஒருவேர்ப்பட்ட ‘கதாஉ’ என்பது முன்னர்க் காலையுணவைக் குறித்துப் பின்னர் நண்பகலுணவைக் குறிப்பதாயிற்று.

நிற்க. இத்துணை நுண்மையான சொற்கள் உளவாதலின் தொகையைப் புகழ்வதில் என்ன குற்றம் என்று கேட்பார் உளர். குற்றம் மூன்று உள. முதலாவது, இச்சொற்கள் யாவும் ஒருவர் வாயில் ஒரு காலத்தில் வழங்கினவல்ல. எட்டாம் நூற்றாண்டிற் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது தொடங்கி, 1066இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு இப்னு ஸீதா, 1290இல் ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியை முடித்த இப்னு மன்ஸூர் ஈறாக, அறிஞர் பலர் பல குலத்தார் பேச்சினின்றும் பழஞ்செய்யுட்களினின்றும் சொற்களைத் திரட்டினர். இவருள் இப்னு ஸீதா கண்ணொளி இல்லாதவர். அவர் தம் காதாற் கேட்டவற்றைப் பொருள் வரிசையில் அடுக்கிப் பெருநூல் செய்தது போற்றத்தக்கது. ஆயினும் அத்தொகை நூல்கள் பல நூற்றாண்டுகளின் களஞ்சியங்கள். பல தலைமுறையினர் பல ஊர்களில் சேர்த்ததனை ஒருவரின் கைப்பொருளாகக் கணக்கிடுதல் முறையன்று.

இரண்டாவது, நுண்சொல் உண்டென்பதனால் எவ்விடத்தும் நுண்சொல்லே வேண்டும் என்பதில்லை. திருக்குர்ஆனின் 24ஆம் அதிகாரத்தில், வயிற்றால் ஊர்வன, இருகாலால் நடப்பன, நாற்காலால் நடப்பன என்று உயிர்கள் வகுக்கப்படுமிடத்தில், மூன்று வகைக்கும் ‘மஷா’ என்னும் வேரின் ஒரே பொதுவினை ஆளப்பட்டுள்ளது. பாம்பிற்குத் தனிச்சொல் அம்மொழியில் இல்லாமலில்லை. உயிர்கள் யாவும் ஒரு நீரினின்று தோன்றியவை என்னும் ஒருமையைக் காட்ட வந்தவிடத்துப் பொதுச்சொல்லே பொருந்துவதாயிற்று. நுண்சொல்லும் பொதுச்சொல்லும் தத்தம் இடத்திற் சிறப்பன.

மூன்றாவது, நுண்சொற்கள் என்றும் நுண்மையோடு நில்லா. பிற்பகற் செலவைக் குறித்த ‘ராஹ’ என்பது எகிப்து, ஸிரியா முதலிய நாடுகளின் பேச்சு வழக்கில் பொழுதை இழந்து, ‘போனான்’ என்ற பொதுப்பொருளே தருவதாயிற்று. அவ்வளவில் நில்லாது, எகிப்தியர் பேச்சில் அது ‘ஹ’ என்னும் ஓரெழுத்தாகத் தேய்ந்து, வினையின் முன்னொட்டாகி எதிர்காலத்தைக் காட்டுகின்றது. நாமும் ‘மழை பெய்யப் போகின்றது’ என்கின்றோம். அங்குப் ‘போதல்’ என்பது கால்நடையையா குறிக்கின்றது? இங்ஙனம் சொற்கள் பொருள் தேய்ந்து இலக்கண உறுப்பாதல் மொழிகளின் இயல்பு. எனவே, ஒரு காலத்தின் தொகையைக் கொண்டு மொழியை உயர்த்துவோர், தேய்மானத்தைக் கணக்கில் வையாத வணிகரை ஒப்பர்.

தொகை செல்வமன்று எனின் செல்வம் யாது? அரபுமொழியின் வேரமைப்பே அச்செல்வம் என்போம். அம்மொழிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துக்களாலாகிய வேரினின்று தோன்றுவன. மெய்கள் பொருளைத் தாங்கி நிற்ப, இடையே புகும் உயிர்களும் சில ஒட்டுக்களும் அப்பொருளைப் பல வடிவில் வார்க்கின்றன. மீம், ஷீன், யா என்னும் மூன்றெழுத்து வேர் நடத்தலைக் குறிக்கும். ‘மஷா’ என்றால் நடந்தான். ‘மாஷி’ என்றால் நடப்பவன். ‘மம்ஷா’ என்றால் நடக்கும் இடம். ‘மஷ்யா’ என்றால் ஒருமுறை நடத்தல். இந்த ‘மஷ்யா’வின் முதலெழுத்தில் அகரத்தை நீக்கி இகரத்தைப் பெய்து ‘மிஷ்யா’ என்றால், நடக்கும் விதம், அதாவது நடை என்பது பொருளாம். ‘ஜல்ஸா’ ஒருமுறை அமர்தல். ‘ஜில்ஸா’ அமரும் விதம். வினையின் விதத்தைக் குறிக்கும் இவ்வச்சினை அரபு இலக்கணத்தார் தனி வாய்பாடாகவே வகுத்துள்ளனர்.

இதன் வலிமையை எண்ணிப் பார்மின். ஓர் உயிரெழுத்தை மாற்றுமளவில், ‘அவன் நடந்தான்’ என்ற செய்தி ‘அவன் எவ்வாறு நடந்தான்’ என்ற ஆராய்ச்சியாக மாறுகின்றது. அகராதியில் நூறு நடைச்சொற்கள் அழிந்தொழியினும், இவ்வச்சு ஒன்று உள்ளவரையில் அம்மொழி நடையை நோக்குங் கண்ணை இழவாது.

இவ்வச்சில் வார்க்கப்பட்ட ஒரு சொல் தமிழ்நாட்டார்க்கும் பழகியதே. ஸீன், யா, ரா என்னும் வேர் செல்லுதலைக் குறிக்கும். ‘ஸார’ என்றால் சென்றான். அதனைத் தன்மைப் பெயரின் அச்சில் வார்த்தால் ‘ஸீரா’ ஆகும். செல்லும் விதம் என்பது அதன் முதற்பொருள். ஒருவன் வாழ்வில் ஒழுகிய விதம், பின்னர் அவனது வாழ்க்கை வரலாறு என்று அது விரிந்தது. முகம்மது நபியின் வரலாற்றுக்குச் சிறப்பாக அப்பெயர் வழங்குவதாயிற்று. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டிற் பாடத் தொடங்கிய காப்பியத்திற்குச் ‘சீறாப்புராணம்’ என்ற பெயர் வந்தது இதனாலேயே. அப்பெயரைப் பலர் சிறப்புப்பெயர் போலக் கருதிப் பொருளறியாது கூறுவர். நடை என்பதே அதன் உட்பொருள் எனத் தெளிந்தபின், அப்பெயரின் அழகு புலனாகும். ஒரு பெரியோர் இவ்வுலகில் எங்ஙனம் நடந்தார் என்பதன்றி வாழ்க்கை வரலாறு வேறு யாது? அந்நூலின் மூன்றாங் காண்டத்திற்குப் பெயர் ‘ஹிஜ்ரத்துக் காண்டம்’. ‘ஹிஜ்ரத்து’ என்பதும், இருந்தவிடத்தை விட்டு நீங்குதல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. 622இல் நிகழ்ந்த அந்நீக்கமே இஸ்லாமிய ஆண்டின் தொடக்கமாயிற்று.

காலின் நடை ஒழுக்கத்தின் பெயராக மாறுதல் அரபில் இவ்வொரு சொல்லோடு நின்றதன்று. ‘ஸலக’ என்பது வழியே செல்லுதல். அதனின்று தோன்றிய ‘ஸுலூக்’ என்பது நடத்தை. ‘தஹப’ என்பது போதல். ‘மத்ஹப்’ என்பது போகும் வழி. தமிழ் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபு, ஹனஃபி மத்ஹபு என்று தத்தம் சட்டநெறியைக் கூறுங்கால் வழங்குவது இச்சொல்லையே. ‘ஷரீஅத்’ என்பதற்குப் பழைய அகராதிகள் தண்ணீர்த்துறைக்குச் செல்லும் வழி எனப் பொருள் கூறும். ‘ஸஅய்’ என்பது விரைந்து செல்லுதல்; அதுவே முயற்சி என்றும் பொருள்படும். ஹஜ்ஜு யாத்திரையில் ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளினிடையே எழுமுறை செல்லும் கடமைக்கு இதுவே பெயர். அவ்வழியில் ஒரு பகுதியில் ஆடவர் மேற்கொள்ளும், நடைக்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட விரைவுக்கு ‘ஹர்வலா’ எனத் தனிப்பெயரும் உண்டு. லுக்மான் என்னும் அறிஞர் தம் மகனுக்குக் கூறிய அறிவுரையாகத் திருக்குர்ஆனின் 31ஆம் அதிகாரத்தில் வருவனவற்றுள், இறுமாந்து நடவாமையும் நடையில் மிதம் கொள்ளுதலும் அடங்கும். நடை அங்கு அறத்தின் ஓர் உறுப்பாக எண்ணப்பட்டது.

எபிரேய மொழியிலும் இவ்வியல்பைக் காணலாம். நடத்தலைக் குறிக்கும் ‘ஹாலக்’ என்னும் வினையோடு தொடர்புடைய ‘ஹலாக்கா’ என்பதே யூதர்தம் சமய ஒழுக்கச் சட்டத்திற்குப் பெயர். தமிழில் நடையினின்று நடத்தையும், ஒழுகுதலினின்று ஒழுக்கமும் தோன்றியமை யாவரும் அறிந்ததே. ஒருவரோடொருவர் இனத்தால் தொடர்பில்லாத மொழிகளும், ஒருவன் கால்வைக்கும் விதத்திலே அவன் உள்ளத்தைக் கண்டன. ஆகவே, நடைச்சொற்களை ஆராய்தல் வெறும் அகராதி வேலையன்று. மக்கள் ஒழுக்கத்தை எங்ஙனம் கண்டறிந்தனர் என்பதன் ஆராய்ச்சியாம்.

இனி, மற்றொரு சாரார் கூற்றையும் நோக்குவோம். ‘ஒட்டகமும் கூடாரமும் மறைந்தபின் அச்சொற்களால் ஆவதென்ன? அவை பாலைவனத்துப் பழம்பொருள்களே’ என்பர் அவர். எண்ணிப் புகழ்வோர் ஒரு பக்கம் தவறினார் எனின், எள்ளி நகைப்போர் மறுபக்கம் தவறினார். அரபு நாட்டின் தெருக்களில் இன்று வழங்குஞ் சொற்களே இதற்கு விடை கூறும். மோட்டார் வண்டிக்கு அங்கே பெயர் ‘ஸய்யாரா’; ‘ஸீரா’வை ஈன்ற அதே வேரினது மகவு. திருக்குர்ஆனின் 12ஆம் அதிகாரத்தில், கிணற்றில் எறியப்பட்ட யூசுஃபைக் கண்டெடுத்த வழிப்போக்கர் கூட்டத்திற்கு இச்சொல்லே வருகின்றது. ஒருவர்பின் ஒருவராகப் பாலைவழிச் சென்றோரைக் குறித்த சொல் இன்று எண்ணெயால் ஓடும் ஊர்தியைக் குறிக்கின்றது. ஒட்டகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்த வரிசைக்குப் பெயர் ‘கிதார்’. அதுவே இன்று இரயில் வண்டி. தேளின் ஊர்தலைக் குறித்த வேரினின்று ‘தப்பாபா’ என்னுஞ் சொல் பிறந்து, முற்காலத்தில் கோட்டை மதிலை நெருங்குதற்கு வீரர் உள்ளே மறைந்து செல்லும் போர்ப்பொறியைக் குறித்தது. இக்காலத்தில் டாங்கியைக் குறிக்கின்றது. பாம்பு, பல்லி முதலிய ஊர்வன இனத்திற்கு உயிர்நூலார் வழங்கும் ‘ஸவாஹிஃப்’ என்பது, குழந்தைக்கும் படைக்கும் பொதுவான அந்த ‘ஸஹஃப’ என்பதன் வழிவந்தது. ‘ஸுலூக்’ என்பதனோடு ஒருவேர்ப்பட்ட ‘ஸில்க்’ என்பது கோக்கும் நூலையும் கம்பியையும் குறிக்கும். கம்பியில்லாத் தந்தி ‘லாஸில்கி’ ஆயிற்று.

இவற்றுள் மிக இனியது ‘தர்ராஜா’ என்பதன் வரலாறு. குழந்தையின் முதல் நடையைக் குறித்த ‘தரஜ’ என்பதன் வழி, அடி என்றும் படி என்றும் தரம் என்றும் பொருள்படும் ‘தரஜா’ தோன்றியது. குழந்தை நடை பழகுதற்குத் தள்ளிச்செல்லும் கருவியைப் பழைய அகராதிகள் ‘தர்ராஜா’ என்னும். நம் வீடுகளில் தச்சர் செய்து தரும் நடைவண்டியே அது. சைக்கிள் என்னும் புதுப்பொருள் வந்தபோது அரபு மக்கள் அதற்குப் பெயர் தேடி நெடுந்தொலை செல்லவில்லை. குழந்தையின் நடைவண்டியைப் பெரியோர்க்கும் கொடுத்தனர். விமானம் எழும் ஓடுதளத்திற்கும் அவ்வேரினின்றே ‘மத்ரஜ்’ எனப் பெயர் உண்டு. தள்ளாடும் மழலையின் அடியினின்று வானூர்தியின் பாதைவரை ஒரு வேர் ஓடிக் கிடக்கின்றது. எண்ணி வைத்த நூறு பெயர்கள் செய்யமாட்டாத தொண்டினை உயிருள்ள ஒரு வேர் செய்தது. 1919இல் டமாஸ்கஸிலும் 1932இல் கெய்ரோவிலும் நிறுவப்பெற்ற மொழிக்கழகங்கள் கலைச்சொல் ஆக்கத்திற்கு நம்பிப் பற்றியதும் இவ்வேர்வளத்தையே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேரின் வளத்தைக் கண்ட மகிழ்ச்சியில், ஒலியொத்த சொற்களையெல்லாம் ஒரு கயிற்றாற் கட்ட முயல்வதும் உண்டு. ‘ஸஃபர்’ என்பது பயணம்; அவ்வெழுத்துக்களாலேயே, முகத்திரையை நீக்குதல் என்னும் பொருளும் உண்டு. 1004இல் மறைந்த இப்னு ஃபாரிஸ் என்னும் பேரறிஞர், வேர் ஒவ்வொன்றையும் ஓரிரு மூலப்பொருள்களில் அடக்கிக் காட்டியவர். மக்கள் தம் இடத்தினின்றும் வெளிப்படுதலால் பயணம் அப்பெயர் பெற்றது என்று விளக்கினார். பயணம் மாந்தரின் இயல்பை வெளிப்படுத்துதலால் அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். பின்னது நல்ல அறிவுரை. ஆயின் நல்ல அறிவுரை யாவும் நல்ல சொல்லாராய்ச்சி ஆகா. அதே மூன்றெழுத்தாலாகிய ‘ஸிஃப்ர்’ என்பது நூலைக் குறிக்கும். அஃது அரமாயிக் மொழியினின்று வந்த விருந்து என்பர். குதிரைக் கூட்டத்தைக் குறிக்கும் ‘கைல்’ என்னும் பெயர், அதன் செருக்கு நடையால் வந்தது எனப் பழைய ஆசிரியர் சிலர் கூறியதும் இனிமையுடையதே. இனிமை மட்டும் சான்றாகாது. எபிரேயத்தில் நடத்தலைக் குறிக்கும் வேருக்கு நேரான அரபு வேர் ‘ஹலக’ என்பது. அஃது அழிந்தான் என்று பொருள்படும். ஒரே குடும்பத்து இரு மொழிகளில் ஒரு வேர் இவ்வளவு விலகிச் செல்லக்கூடுமாயின், ஒலியை மட்டும் நம்பிப் பொருளை ஊகிப்போர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! தமிழ்ச்சொல் எதனையும் எம்மொழியோடும் இணைத்துக் காட்டும் வேட்கையுடைய நம் இளைஞர் சிலர்க்கும் இது நல்ல பாடமாம்.

உறுதியான வரலாற்றோடு நம் மொழியிற் புகுந்த அரபு இயக்கச் சொற்களும் சில உள. அவை பெரும்பாலும் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக ஆட்சித்துறைச் சொற்களாய் வந்தவை. அதிகாரிகள் தங்கிய ‘முசாபர் பங்களா’வின் முசாபர் என்பது ‘ஸஃபர்’ வழிவந்த பயணி. ‘மாஜி மந்திரி’ என்பதிலுள்ள மாஜி, கடந்துபோன என்று பொருள்படும் அரபுச் சொல். ‘வசூல்’ என்பது வந்து சேர்தல். பணம் வந்து சேர்வதற்கு ஆயிற்று. ‘தாக்கல்’ என்பது உட்புகுவதைக் குறிக்கும் ‘தாகில்’ என்பதன் திரிபு; மனு உள்ளே சென்றால் தாக்கலாயிற்று என்கின்றோம். இச்சொற்கள் நம் கச்சேரிகளில் நிலையாகத் தங்கிவிட்டன. ஆயின் ஒவ்வொன்றும் தன் தாயகத்தில் நடமாடிய சொல்.

மாணவ நண்பர்காள், பிறமொழியின் வளத்தைக் காண்பதன் பயன், அதனைக் கண்டு மலைத்தலோ, நம்மதன் தொகையை எடுத்து எதிரே வைத்துப் போட்டியிடுதலோ அன்று. அவர் கண்டதுபோல் நாமும் காணக் கற்றலே பயன். தவழ்தல், தத்துதல், ஊர்தல், நெளிதல், தள்ளாடுதல், தாவுதல், உலாவுதல், ஏகுதல் என்று நம் மொழியிலும் இயக்கச் சொற்களுக்குக் குறைவில்லை. நம் கட்டுரைகளிலும் கதைகளிலுமோ யாவரும் ஒரே வகையாக ‘மெதுவாக நடந்தனர்’, அல்லது ‘வேகமாக நடந்தனர்’. கடன்பட்டவனும், காய்ச்சலினின்று எழுந்தவனும், மகளை மணமுடித்து அனுப்பிவிட்டுத் திரும்பும் தந்தையும் மெதுவாகவே நடக்கின்றனர். அம்மூவர் நடையும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எழுதும்போது மட்டும் அறியாதார் போலாகின்றோம். சொற்கள் இறப்பது அகராதியில் அன்று. பார்ப்பதை நாம் நிறுத்தியவிடத்தில் அவை இறக்கின்றன.

பெயரெச்ச வினையெச்சங்களை அடுக்கிப் புனைந்துரைக்குமாறு யாம் கூறவில்லை. ஒருவன் நடையைக் கூறப் புகுமுன், அவன் காலைத் தடுப்பது யாது, செலுத்துவது யாது என ஒரு கணம் நோக்குமாறே வேண்டுகின்றோம். அந்நோக்கு உண்டாயின் உரிய சொல் தானே வந்து நிற்கும். பழஞ்சொல் இல்லையேல், நம் மொழியின் வேரினின்றே புதுச்சொல் முளைக்கும். பாலையில் வாழ்ந்த மக்கள் செய்தது அவ்வளவே. அவர்கள் தம் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தாரல்லர். விலங்கையும், முதியோரையும், குழந்தையையும் கண்ணிமையாது நோக்கியிருந்தனர்.